நான் தராத ஒப்புதலும் முப்பத்தொன்றாம் தேவையும்

அனுப்புநர்:
பணியாளர் எண் 20714,
மூத்த பிசினஸ் அனலிஸ்ட், தொழில்நுட்பப் பிரிவு
(ஐந்து வாரங்களாக: பழைய ஆவண அறை, அடித்தளம்),
வங்கித் தலைமையகம்.

பெறுநர்:
தலைமைக் குறைதீர் அலுவலர் அவர்கள்,
ஒன்பதாம் தளம்,
வங்கித் தலைமையகம்.

பொருள்: குரல் சரிபார்ப்பு மென்பொருளில் 31ஆம் தேவை விடப்பட்டது, நான் விடுப்பில் இருந்த நாளில் என் பெயரில் ஒப்புதல் பதிவானது, இவற்றின் விளைவாகக் கிளை எழுத்தர் ஒருவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டது ஆகியவை தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மின்னஞ்சல்கள் மூன்று. (முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு "பெறப்பட்டது" என்று வந்தது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வங்கியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முதல் ஆறு ஆண்டுகள் கிளைக் கவுன்டரில். பிறகு தொழில்நுட்பப் பிரிவில். என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என்னை விசாரித்த குழுவினருக்கே அதில் தெளிவில்லை. புதிய மென்பொருள் ஒன்று வரப்போகிறது என்றால், அதைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண் கொடுத்து எழுதுவது. எழுதியதைப் புரோகிராமர்களுக்கு விளக்குவது. அவர்கள் செய்து தந்தது நாம் கேட்டதுதானா என்று பார்த்து ஒப்புதல் தருவது. "அக்கா பேங்க்ல கேள்வி கேக்கற வேலை பாக்கறாங்க" என்று என் தங்கை கணவர் உறவினர்களிடம் சொல்வார். கேலிதான். ஆனால் இதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

2. இம்மனுவில் சிலர் பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன். அலுவல் கடிதத்துக்கு இது பொருந்தாது என்பது தெரியும். ஒருவர் சொன்னதை நம் வசதிக்குத் திருத்தி எழுதினால் பொருள் மாறிவிடும் என்பதும் இத்தொழிலில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

3. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணை வேறு யாரோ மாற்றிவிட்டு ஏமாற்றும் செயல்கள் பெருகியதால், சென்ற ஆண்டு குரல் சரிபார்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. எண்ணை மாற்றக் கேட்பவருக்குக் கணினியே அழைப்பு விடுக்கும். கவுன்டர் திரையில் தெரியும் நான்கு இலக்கங்களை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் குரலே அதன்பின் வரும் ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் அவருடைய அடையாளமாகப் பதிவாகும். திட்டம் நல்ல திட்டம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இதற்காக மூன்று கிளைகளில் பதினொரு நாட்கள் உட்கார்ந்தேன். இரண்டாம் கிளையில் இருந்த எழுத்தரை எல்லோரும் 'டோக்கன் அக்கா' என்றே அழைப்பார்கள். டோக்கன் இயந்திரம் பழுதாகும்போதெல்லாம், அதாவது வாரத்தில் மூன்று நாட்கள், துண்டுச்சீட்டில் கையால் எண் எழுதிக் கொடுப்பவர் அவர். ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. நான்காம் நாள் காலை, கவுன்டரில் நின்ற ஒருவரைக் காட்டி அவர் என்னிடம் சொன்னார்: "மேடம், இவருக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. இவருக்கு போன் அடிச்சா யார் எடுப்பாங்க? அதையும் எழுதிக்கோங்க."

அவர் ஒரு தையல்காரர். சட்டைக் காலர் தைப்பதில் கெட்டிக்காரர் என்று பின்னர் அறிந்தேன். அவரும் டோக்கன் அக்காவும் ஒரே தாளில் மாறி மாறி எழுதித்தான் பேசிக்கொள்வார்கள். நானும் அந்தத் தாளிலேயே கேட்டேன். 'காது கேளாத முதியவர்களுக்கு மாற்று வழி தேவை' என்று குறித்து அவரிடம் காட்டினேன். அவர் என் பேனாவை வாங்கி 'முதியவர்களுக்கு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'எனக்கு வயது முப்பத்தெட்டு' என்று எழுதினார். மூவரும் சிரித்தோம். அதுதான் 31ஆம் தேவை: கேட்கவோ பேசவோ இயலாத வாடிக்கையாளர் கிளைக்கு நேரில் வந்தால், அலுவலர் இருவர் அடையாளம் பார்த்து, அழைப்பு இல்லாமலே எண்ணை மாற்ற வழி இருக்க வேண்டும்.

4. எங்கள் பிரிவில் தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நின்றபடியே கூட்டம் நடக்கும். சுவரில் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. இடதுபுறம் 'செய்ய வேண்டியவை', வலதுபுறம் 'முடிந்தவை'. 31ஆம் சீட்டு ஏழு வாரங்கள் இடதுபுறமே இருந்தது. அதற்கு ஒன்பது நாள் வேலை இருக்கிறது என்று மூத்த புரோகிராமர் கணக்குச் சொன்னார். அப்போது வெளியீட்டு நாளுக்கு இருபது நாட்களே இருந்தன.

திட்ட மேலாளர் கேட்டார்: "இந்த மாதிரி எத்தனை பேருங்க இருப்பாங்க? ஆயிரத்துல ஒருத்தரா? அடுத்த கட்டத்துல பாத்துக்கலாமே."

நான் சொன்னேன்: "அந்த ஒருத்தரை நான் நேர்ல பாத்துட்டு வந்திருக்கேன் சார். அது இல்லாம நான் ஒப்புதல் குடுக்க மாட்டேன்."

அவர் சீட்டைச் சுவரிலிருந்து எடுத்துத் தம் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வெளியீட்டு நாளை அவருக்கு மேலே உள்ளவர்கள் மேடையேறி அறிவித்துவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே மூடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

5. அதற்கடுத்த வாரம் என் தங்கைக்கு அறுவை சிகிச்சை. நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். விடுப்பு ஆணையில் கையெழுத்திட்டவர் அதே மேலாளர். (தங்கை இப்போது நலமாக இருக்கிறாள்.) திரும்பி வந்து பார்த்தபோது, திட்டத்தின் தேவைகள் அனைத்துக்கும் என் ஒப்புதல் பதிவாகியிருந்தது. நேரம், விடுப்பின் இரண்டாம் நாள் மாலை 4.12. அந்த நேரத்தில் நான் மருத்துவமனையில் ஸ்கேன் அறிக்கை வாங்கும் வரிசையில் நின்றேன். அறிக்கையின் உறையில் அவர்கள் போட்ட நேர முத்திரை 4.20.

யாரும் என் கடவுச்சொல்லைத் திருடவில்லை. விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக மேலாளர் ஒப்புதல் இடும் வசதி எங்கள் கணினியில் இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வசதிக்கான தேவையை எழுதியதும் நானேதான். 'உரியவரிடம் கேட்ட பின்பு' என்று அதில் எழுதியிருந்தேன். கேட்டாரா என்று கணினி எப்படிப் பார்க்கும் என்பதை எழுதாமல் விட்டேன். அது என் பிழை.

மேலாளரிடம் கேட்டேன். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் நானே போட்டேன். ஒரு டிக்தானே மேடம்" என்றார். அன்றே முதல் மின்னஞ்சலை அனுப்பினேன். நான்கு நாள் கழித்து இரண்டாவது. அதன்பிறகு ஒன்பதாம் தளத்துக்கு நேரில் ஏறி வந்து தங்கள் அலுவலகக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். வரவில்லை. களைத்துப்போயிருந்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

வெளியீட்டு நாளில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு காகிதத் தட்டில் வந்தது. நானும் சாப்பிட்டேன். இதையும் மறைக்க விரும்பவில்லை.

6. பதினாறு நாட்களுக்குப் பிறகு அந்தத் தையல்காரரின் கைபேசி பேருந்தில் தொலைந்தது. புது எண்ணோடு கிளைக்குப் போனார். கணினி அந்த எண்ணுக்கு மூன்று முறை அழைத்தது. அவர் மூன்று முறையும் எடுத்தார். அழைப்பது தெரிந்தது, என்ன கேட்கிறது என்பதுதான் தெரியவில்லை. மறுமுனையில் மௌனம் என்பதால் சந்தேகத்துக்குரியது என்று கணினி அவர் கணக்கைப் பூட்டிவிட்டது.

அன்று பிற்பகல் டோக்கன் அக்கா எனக்குத் தொலைபேசினார். "மேடம், நான்தான். அன்னிக்கு எழுதிக்கிட்டீங்களே, அது எந்தப் பக்கத்துல வருது? ஸ்க்ரீன் பூரா தேடிட்டேன், கிடைக்கல."

"அடுத்த கட்டத்துல வருதுங்க" என்றேன்.

ஐயா, எந்தச் சொல்லை எதிர்த்து நான் ஒப்புதல் தர மறுத்தேனோ, அதே சொல்லை என் வாயாலேயே அவரிடம் சொன்னேன். "அப்படியா... சரிங்க மேடம்" என்று அவர் போனை வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

7. ஒன்பது வேலை நாட்கள் தையல்காரர் கிளைக்கு வந்துபோனார். பள்ளிச் சீருடைக்கான துணி வாங்க முடியாமல், கையிலிருந்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. டோக்கன் அக்கா மேலிடத்துக்கு ஐந்து முறை எழுதினார். 'வாடிக்கையாளரிடம் குரல் உறுதி பெறவும்' என்றே ஐந்து முறையும் பதில் வந்தது. பேச முடியாதவர் என்றுதான் அந்த ஐந்து கடிதங்களிலும் முதல் வரியே.

பத்தாம் நாள் தையல்காரருடன் அவருடைய பக்கத்துக் கடைக்காரர் வந்தார். சைக்கிள் பழுது பார்ப்பவர். அழைப்பு வந்ததும் டோக்கன் அக்கா கைபேசியை அவரிடம் கொடுத்தார். அவர் நான்கு இலக்கங்களைச் சொன்னார். கணக்கு உடனே திறந்துகொண்டது.

வழக்கமான தணிக்கையில் அந்தக் கிளையின் கேமராப் பதிவைப் பார்த்தார்கள். வேறொருவரின் குரலை வாடிக்கையாளரின் குரலாகப் பதிவு செய்ததற்காக டோக்கன் அக்கா பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். விதிப்படி அது குற்றமே. ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை மேற்கொண்டு ஒரு வரி சொல்கிறது: 'இவ்வகை வாடிக்கையாளர் குறித்துக் கிளையிலிருந்து எந்தத் தேவையும் முன்வைக்கப்படவில்லை, ஆய்வாளரும் குறையின்றி ஒப்புதல் அளித்துள்ளார்.' ஆய்வாளர் என்று குறிப்பது என்னை. ஐயா, இந்த வரியில் உள்ள இரண்டும் பொய். தேவையை முன்வைத்தவரே அவர்தான். ஒப்புதலை நான் தரவில்லை. குழு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியது. அதில் பாதி, பிசினஸ் அனலிஸ்ட் என்றால் யார் என்று விளக்குவதிலேயே போனது. மறுவாரம் ஆவண அறைக்கு மாற்றப்பட்டேன். மூன்றாவது மின்னஞ்சலை அங்கிருந்து அனுப்பினேன்.

8. சென்ற சனிக்கிழமை தையல்காரரின் கடைக்குப் போனேன். வங்கி சார்பாக அல்ல, நானாகவே. ஓர் ஆள் உட்காரும் அகலம், ஓர் இயந்திரம், சுவரெங்கும் அளவுச் சீட்டுகள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு முக்காலியை இழுத்துப் போட்டார். நான் மன்னிப்பு எழுதினேன். அவர் ஓர் அளவுச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார்: 'எனக்குக் குரல் வந்துவிட்டது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அது பக்கத்துக் கடையில் இருக்கிறது. அவர் ஊருக்குப் போனால் என் குரலும் போய்விடும்.' சைக்கிள் கடைக்காரர், பிள்ளை பெற்றிருக்கும் தம் மகளைப் பார்க்க வெளியூர் போவதை இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறாராம். "நான் போய்ட்டா இவரு என்ன பண்ணுவாருங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

சீட்டின் கீழே தையல்காரர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: 'அக்கா எப்படி இருக்கிறார்?' நான் 'விடுப்பில் இருக்கிறார்' என்று எழுதினேன். தம்மால்தான் அக்காவுக்கு இடைநீக்கம் வந்தது என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று அப்படி எழுதினேன்.

9. ஆகவே, என் பெயரில் உள்ள ஒப்புதலை நீக்கி, அது யாரால், எப்போது இடப்பட்டது என்பதை உள்ளபடி பதிவு செய்ய வேண்டுகிறேன். டோக்கன் அக்காவின் இறுதி விசாரணை வரும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நடக்கிறது. 31ஆம் தேவையைச் சொன்னவர் அவரே என்று சாட்சி கூற என்னை அழைக்க வேண்டுகிறேன். தாங்கள் அழைக்காவிட்டாலும் அந்த அறை வாசலில் பத்தரை மணிக்கே இருப்பேன். தையல்காரரின் கணக்கிலிருந்து அடுத்தவர் குரலை நீக்கித் தரவும் கேட்கிறேன். என் இடமாற்றத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். மற்றவை நடந்த பிறகு அதைக் கேட்கிறேன்.

விடுப்பு ஆணை, மருத்துவமனை உறை, 31ஆம் தேவையின் மூலத்தாள், மின்னஞ்சல்கள், டோக்கன் அக்கா மேலிடத்துக்கு எழுதிய ஐந்து கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

10. இம்மனுவை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்று காலை நடந்த ஒன்றால் இந்தப் பத்தியைச் சேர்க்கிறேன். மூத்த புரோகிராமர் ஆவண அறைக்கு இறங்கி வந்தார். பழைய கோப்பு ஏதோ தேடுவதுபோல் சற்று நேரம் நின்றார். பிறகு சொன்னார்: "முப்பத்தொண்ண முடிச்சுட்டேன் மேடம். ஒன்பது நாள்னு சொன்னேன், ஆறு நாள் வேலைதான் ஆச்சு. சோதிச்சும் பாத்துட்டேன், நல்லா ஓடுது. யார்கிட்ட குடுக்கறதுன்னுதான் தெரியல." யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. பல வாரங்களாகத் தம் சாப்பாட்டு இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கிறார். இது வெளியே தெரிந்தால் அவருக்கும் என் நிலை வரக்கூடும் என்று எச்சரித்துவிட்டு, மனுவில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க" என்றார்.

வேலை முடிந்து, சோதித்து, தயாராக இருக்கிறது ஐயா. கிளைகளுக்கு அது போய்ச்சேர ஓர் ஒப்புதல் போதும். அதைத் தரும் இடத்தில் இப்போது நான் இல்லை. தாங்கள் இருக்கிறீர்கள். அருள்கூர்ந்து அதைத் தாங்களே பார்த்து, தாங்களே இட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
பணியாளர் எண் 20714

நாள்: மார்ச் 14, புதன்கிழமை
இடம்: பழைய ஆவண அறை, அடித்தளம்