முதல் ஐந்நூறு ரூபாய்

முத்தாரம்மன் துணை

தி.நகர்,
4-2-1973

தம்பி ஜவஹருக்கு அம்மா எழுதுவது. டிரைவர் மாசிலாமணியின் கையை ஒடித்தவன் நீதான். அப்பாவுக்கும் உன் தங்கச்சி தங்கத்துக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அமெரிக்காவில் பனி அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினாலே போலீஸோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

டிசம்பர் லீவில் நீ எடுத்த வாடகைக் காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கார் முதலாளி தணிகாசலம் உள்ளூர் ஆள்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்றதால் அப்பா போட்டார், இன்ஷூரன்ஸ் இருக்கிறது, என்ன ஆனாலும் கம்பெனி கொடுத்துவிடும் என்று நீ சொன்னாய். அந்த இங்கிலீஷ் தாளை இப்போது உன் தங்கச்சி எனக்கு வரிவரியாகப் படித்துச் சொன்னாள். விபத்தானால் முதல் ஐந்நூறு ரூபாயை இன்ஷூரன்ஸ் தராதாம், அதற்கு எக்ஸஸ் என்று பேராம், அதற்கு மேல் ஆகிற செலவைத்தான் தருமாம். அந்த ஐந்நூறு வாடகைக்கு எடுத்தவர் தலையில், டிரைவர் தப்பென்றால் டிரைவர் சம்பளத்தில். டிரைவரைத் தவிர வேறு ஆள் ஓட்டியிருந்தால் ஒரு பைசா வராது, ரிப்பேர் நாலாயிரமும் கையெழுத்துப் போட்டவர்தான் கட்டவேண்டும். இது தெரிந்துதானே கொட்டிவாக்கத்தில் மதகுச் சுவரில் மோதியதும் மாசிலாமணியிடம், நீ ஓட்டியதாகச் சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய்? மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டாய்.

போன வாரம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். இடது கை கட்டோடு தொங்குகிறது. எதிரே மாட்டுவண்டி வந்ததும் அமெரிக்காவில் ஓட்டுகிற பழக்கத்தில் நீ வலது பக்கம் ஒடித்தாயாம், பிறகு பதறிப்போய் இடது பக்கம் திருப்பினாயாம். அவன் பெண்சாதி பச்சையம்மா, இன்னாம்மா, பழம் தின்னா எலும்பு கூடிக்குமா, ஓட்டுனவரு ஏரோப்ளேன்ல பூட்டாரு, பக்கத்துல குந்திக்கினு இருந்த ஆளு வேலைக்குப் போனா மாசம் அம்பது புடிப்பாராம் மொதலாளி என்றாள். ஐந்நூறை எடுத்து நீட்டினேன். காசு வேணாம்மா, லைசென்சுல ஆக்சிடென்ட்னு எழுதிட்டா அப்புறம் எவன் எனக்குச் சாவி குடுப்பான் என்று மாசிலாமணி திருப்பித் தந்துவிட்டான். படித்தவன் சொன்னதை நம்பினான், அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

இன்ஷூரன்ஸ் ஆபீசர் வண்டியைப் பார்த்துவிட்டார். இடது பக்கம் முழுக்க நசுங்கியிருக்கிறது, ஸ்டியரிங் இருக்கிற வலது பக்கத்தில் கீறல்கூட இல்லை, ஓட்டினவனுக்கு இடது கை எப்படி ஒடிந்தது என்று கேட்டாராம். மார்ச் ஐந்தாம் தேதி மாசிலாமணியையும் அப்பாவையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் தங்கத்தின் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் நாலாயிரம் போய்விடும், பொய் சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போகவேண்டி வருமோ என்னவோ. அப்பா என்னை வாயைத் திறக்காதே என்கிறார். கடையில் துணியை அளவு தப்பிக் கிழிக்கிறார்.

முத்தாரம்மன் உன்னைக் கைவிடமாட்டாள். வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் அம்மா,
தங்கபுஷ்பம்

பி.கு. முன்னால் எழுதிய இரண்டு கடிதத்திலும் காரைப் பற்றிக் கேட்டேன், நீ பனியைப் பற்றி எழுதினாய். இந்த உறைக்குள் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். வண்டியை ஓட்டியது நான்தான் என்று அதில் உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஐந்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்பு.