இசமாலில் நீ சொன்ன கதவு

மில்லிக்கனில் பலசரக்குக் கடைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இருந்தபோது, கைபேசி தானாகவே ஒரு பழைய படத்தைக் காட்டியது. மஞ்சள் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நீ நிற்கிறாய். கமராவைப் பார்க்கவில்லை, படம் எடுக்கிற என்னைப் பார்க்கிறாய். அந்தப் பார்வையில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை.

மெக்சிக்கோவுக்கு ஒரு கிழமைப் பயணம். எல்லோரும் கடற்கரையில் கிடக்க, மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் போய் இசமால் என்ற சின்ன ஊரைப் பார்த்தே தீர வேண்டும் என்று நின்றாய். இவன் ஏன் என்னையும் இழுக்கிறான் என்று அப்போதே யோசித்தேன். ஊர் முழுக்க ஒரே மஞ்சள். எதை மறைக்க இவ்வளவு பெயின்ற் என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்தான்ரா," என்று சிரித்தாய்.

வழிகாட்டி மாயா இனத்தவர். ஸ்பானியர்கள் மாயாக் கோவிலை இடித்து, அதே மேடையில், அதே கற்களால் தேவாலயத்தைக் கட்டினார்கள் என்றார். நீ வேதக்காரன், உள்ளே போய் முழந்தாளிட்டுவிட்டு வந்தாய். பிறகு அவரிடம், உங்கள் ஆட்களின் கல்லை இந்தச் சுவரில் பார்க்கக் கோபம் வராதா என்று கேட்டாய். அவர் தோளைக் குலுக்கினார். தன் கலியாணமே இங்கேதான் நடந்தது என்றார்.

நீ என் பக்கம் திரும்பினாய். "உன்ர தங்கச்சியும் நல்ல கதவாலைதான் வெளிக்கிட்டவள், என்ன மச்சான்?"

வெளிநாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் நாம் ஒரே அறையில் இருந்த காலத்தில், ஊரிலிருந்து தங்கச்சியின் கலியாண வீடியோ வந்தது. அவள் வாசலைத் தாண்டி வருகிற இடத்தை நீ மூன்று தடவை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாய். அவளில் கண் வைத்துவிட்டாய் என்று ஒரு கிழமை உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ பார்த்தது கதவை என்று இசமாலில்தான் விளங்கியது.

சண்டையில் உங்கள் ஊர்ச் சனம் இடம்பெயர்ந்து ஓடிய பிறகு, வெறும் வீடுகளின் கதவும் யன்னலும் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்குப் பூவேலை செய்த பழைய கதவொன்று வந்ததாகத் தங்கச்சி எழுதினாள். எங்கே வாங்கினது என்று அப்பாவைக் கேட்டு எழுதினேன். அவருடைய பதிலில் மழை இருந்தது, மாடு இருந்தது, தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை இருந்தார். கதவு இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தோடம்பழம் உரித்துப் பாதியைத் தந்தாய். அதையும் சந்தேகத்தோடுதான் தின்றேன். கதவைப் பற்றித் தெரிந்தும் ஏன் என்னோடு திரிகிறாய்? ஏன் தினமும் மிசிசாகா வரைக்கும் என்னை வேலைக்கு ஏற்றிப் போனாய்? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அப்பாவைக் கள்ளன் என்று நானே சொன்னதாகிவிடும்.

உன் செத்தவீட்டில்தான் கதவைப் பற்றி உன் மனைவியிடம் கேட்டேன். "ஓம், தங்கடை கதவெண்டு வீடியோவிலையே கண்டவர்," என்றா. "விறகாப் போகாமல் ஒரு வீட்டிலை நிக்குதே எண்டு சொல்லுவார்." என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாவோ என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

இன்று படத்தைப் பார்த்த கையோடு, காருக்குள் இருந்தே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அந்தக் கதவைக் கழற்றி, ஊரில் திரும்பவும் வீடு கட்டுகிற உன் தம்பியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"விசரே அண்ணா உங்களுக்கு? ஏன் குடுக்க வேணும்?"

"அது அவையின்ரை. அப்பா களவெடுத்தது," என்றேன். அவள் அழத் தொடங்கினாள்.

இதை உன்னிடம் சொல்ல இசமாலில் எனக்கு ஒரு முழுப் பகல் இருந்தது. நீ அதற்காகத்தான் என்னை அங்கே கூட்டிப் போனாயோ என்ற சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை.