ஒன்பது என்று சொன்ன குரல்

மே 26, செவ்வாய்

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் முட்டிக்கொள்கிறது, இனிமேல் எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடு என்று போன மாதம் நீதானே சொன்னாய்? இதோ எழுதிவிட்டேன். தபால்காரர் வேறு யாருமில்லை, உன் வீட்டுக்காரர்தான். அவர் ஓட்டும் பேருந்து என் தையல் கடைக்கு எதிரே ஐந்து நிமிடம் நிற்கிறதே, அப்போது கொடுத்துவிடுகிறேன். "டிக்கெட் இல்லாம போற ஒரே பிரயாணி உங்க கடுதாசிதான்க்கா" என்று மாப்பிள்ளை இப்போதே கிண்டல் செய்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு குட்டிச் சாரணர் குழு தொடங்கப் போகிறோம். தலைவி யார் தெரியுமா? உன் அக்காவேதான். சிரிக்காதே. ஆறு வாரம் பயிற்சிக்குப் போய் முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தவளை ஓட்டம் ஓடினேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜூன் 6, சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அறிமுகக் கூட்டம். பிள்ளைகளோடு அப்பா அம்மாவும் வர வேண்டும். இது என்ன, எதற்கு, பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எல்லாவற்றையும் குடும்பத்துக்கே விளக்கிச் சொல்லப் போகிறோம். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் குழுவைப் பதிவு செய்வார்கள். இல்லாவிட்டால் மண்டபம் கராத்தே வகுப்புக்குப் போய்விடும்.

நம் வாலுவுக்கு ஆறு வயது முடிந்துவிட்டதே. அவள் கழுத்துத் துணியை நான் ஏற்கெனவே தைத்தாயிற்று. பச்சைத் துணி, மஞ்சள் கரை. அளவெடுக்கவில்லை. பெரியம்மா கைக்கு அவள் கழுத்து தெரியாதா என்ன? அழைத்துக்கொண்டு வா. நீயும் இந்தப் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

அன்புடன்,
அக்கா


மே 29, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சொருகி வைத்ததில் கொஞ்சம் எண்ணெய் வாசனை. மற்றபடி பத்திரமாக வந்து சேர்ந்தது.

நீ தலைவி ஆனதில் சந்தோஷம். மனதாரத்தான் சொல்கிறேன். தவளை ஓட்டத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

வாலு வர மாட்டாள். சனிக்கிழமை மருந்துக் கடையில் எனக்கு மாலை வேலை. அவளுக்கு இருமல் வேறு விட்டபாடில்லை. இதெல்லாம் சாக்கு என்று நீ சொல்வாய். சாக்குதான். உண்மைக் காரணம் உனக்கே தெரியும். அவள் என் மகள். கூட்டத்தில் கையை விட்டால் காணாமல் போகிற ஜாதகம்.

போன வருடம் பெரியப்பா பேத்தி கல்யாணத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார். "இவள ஒரு நாற்காலியில கட்டிப் போடுங்க, எட்டு வயசுலேயே மூணு மணி நேரம் ஊரையே தேட வெச்சவ" என்று சித்தப்பா என்னைக் காட்டி ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வாலு என்னைப் பார்த்து, "நீ ஏம்மா சொல்லாம போன?" என்று கேட்டாள். தெரியலடா என்றேன்.

கழுத்துத் துணியை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடு. எட்டுப் பேர் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை


ஜூன் 7, ஞாயிறு

அன்புள்ள பொடிசுக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. பன்னிரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. நாற்காலி போதவில்லை. பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொன்னால் அப்பாக்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், பிறகு எழுந்திருக்க முடியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

நான் எழுதி வைத்திருந்த பேச்சு முதல் வரியிலேயே மறந்துவிட்டது. பேச்சை விட்டுவிட்டு எல்லோர் கையிலும் ஒரு கயிற்றுத் துண்டைக் கொடுத்தேன். முடிச்சுப் போடுங்கள், பிள்ளைகள் அவிழ்க்கட்டும் என்றேன். அவ்வளவுதான், மண்டபம் களைகட்டிவிட்டது. முடி திருத்துபவர் ஒருவர் வந்திருந்தார். அவர் போட்ட முடிச்சை அவருடைய மகன் அரை நொடியில் அவிழ்த்துவிட்டான். மனுஷனுக்கு மானமே போய்விட்டது. மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, சாரணர் வழக்கப்படி இடது கையால்தான் கைகுலுக்குவோம் என்று நான் சொன்னதும், "இடது கைப் பழக்கம் உள்ள என் சின்னவனுக்கு இப்பவாச்சும் ஒரு மரியாதை கிடைச்சுதே" என்று கண் கலங்கிவிட்டாள்.

கடைசியில் கேள்வி நேரம். குழாய் வேலை செய்கிற ஒருவர், கறுத்த பெரிய கைகள், தன் மகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "வெளிய கூட்டிட்டுப் போவீங்களா?" என்றார். போவோம் என்றேன். "கூட்டிட்டுப் போன அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவீங்கன்னு எப்படி நம்புறது?"

"எண்ணுவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் உண்டு. விசில் ஊதினதும் வரிசையா அவங்கவங்க எண்ணைச் சொல்லுவாங்க" என்றேன்.

அவர் மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சரிங்க. ஒரு பிள்ளைக்குப் பதிலா இன்னொரு பிள்ளை குரல் குடுத்துட்டா?"

பொடிசு, நான் தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே வந்துவிட்டேன்.

இதை எழுத எனக்கு இருபத்தொன்பது வருடம் பிடித்திருக்கிறது. எழுதிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடர மாட்டேன். அன்று நம் பள்ளிச் சாரணர் குழு குன்றுக்குப் போய்விட்டு இறங்கும்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எல்லா அணிகளையும் நிறுத்தி மிஸ் விசில் ஊதினார்கள். எந்த அணி முதலில் எண்ணி முடிக்கிறதோ அந்த அணித் தலைவிக்குக் கொடி. எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கொடிமேல் எனக்கு அவ்வளவு ஆசை. என் அணியில் ஒன்பது பேர், நீ ஒன்பதாவது. எட்டு வரை வந்துவிட்டது. நீ வரிசையில் இல்லை. தொட்டிக்குப் பின்னால் ஷூ கயிறு கட்டப் போயிருந்தாய், அது எனக்குத் தெரியும். இதோ ஓடி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். குரலை உன் குரல் மாதிரி சின்னதாக்கிக்கொண்டு, "ஒன்பது" என்று நான் சொன்னேன்.

கொடி எனக்குக் கிடைத்தது. கொடி பிடிப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. சாலை வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எண்ணும்போது இருந்தாள், பிறகுதான் எங்கோ விலகிப் போயிருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மின்கம்பம் பழுதுபார்க்க வந்த லைன்மேன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று அம்மா உன்னை அடித்தாள், சாரணர் குழுவிலிருந்து உன்னை நிறுத்தினாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நீ விலகிப் போகவில்லை. உன்னை விட்டுவிட்டுப் போனவள் நான். வாலுவிடம் இதை நீயே சொல், அல்லது நான் வந்து சொல்கிறேன்.

ஏழு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் குழாய்க்காரர் மகள்தான் ஏழாவது. நான் மண்டபத்துக்குத் திரும்பிப் போய், "ஒரு தடவை அப்படி நடந்திருக்குங்க, செஞ்சது நான்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இரண்டு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. அவர் போகவில்லை. "அப்ப உங்களுக்கு அது மறக்காது" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

எட்டாவது பிள்ளையைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. உன்னிடம் எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை.

அக்கா


ஜூன் 11, வியாழன்

அன்புள்ள பொடிசுக்கு,

திங்கள்கிழமையே கடிதத்தைக் கொடுத்துவிட்டதாக மாப்பிள்ளை சத்தியம் செய்கிறார். "படிச்சா. மடிச்சு வெச்சா. கடைக்குக் கிளம்பிட்டா. வேற எதுவும் எனக்குத் தெரியாதுக்கா, என்னை விட்டுருங்க" என்கிறார். பாவம், நம் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவருக்குத் தேநீர் கூட இறங்குவதில்லை.

நாலு நாளாக எனக்கும் எதுவும் ஓடவில்லை. ஒரு ஜன்னல் திரையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பூவெல்லாம் தரையைப் பார்க்கின்றன.

திட்டியாவது இரண்டு வரி எழுது. "படித்தேன்" என்று மட்டுமாவது எழுது. எழுதவே மனமில்லை என்றால் வெற்றுத் தாளை மடித்து மாப்பிள்ளையிடம் கொடு, புரிந்துகொள்கிறேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். எண்ணும் முறையை மாற்றிவிட்டேன். பிள்ளை தன் எண்ணைச் சொல்லும்போது ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் தலையைத் தொட வேண்டும். கை படாத எண் கணக்கில் வராது. இதை அந்தக் குழாய்க்காரரிடம் சொன்னேன், தலையாட்டினார். உன்னிடமும் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பதிவு செய்ய இருபதாம் தேதி கடைசி. ஏழோடு நிற்கிறது.

அக்கா


ஜூன் 16, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். மூன்று தடவை படித்தேன். மருந்துக் கடையில் மாத்திரையை இரண்டு தடவை எண்ணாமல் நான் உறையில் போட்டதில்லை, அந்தப் பழக்கம் கடிதத்துக்கும் வந்துவிட்டது.

எனக்குத் தெரியும், அக்கா.

தொட்டிக்குப் பின்னால் நான் ஷூ கயிற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. நீ குரலைச் சின்னதாக்கினால் எனக்குத் தெரியாதா? என்னோடு எத்தனை பொம்மைகளுக்கு அந்தக் குரலில் பேசியிருக்கிறாய்! அக்கா எனக்காகச் சொல்லிவிட்டாள், அப்படியென்றால் எனக்காக நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அவசரப்படவில்லை. நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே இரட்டை முடிச்சாக, அழகாகக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து பார்த்தேன். யாரும் இல்லை.

அம்மா அடித்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ என்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாய். சொன்னால் உன்னைத் தலைவி வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். நாளைக்கு அக்காவே சொல்லுவாள் என்று இருந்தேன். பிறகு அடுத்த வாரம். பிறகு அடுத்த கல்யாணம்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த மூன்று மணி நேரம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. லைன்மேன் கொடுத்த பிஸ்கட்தான் நினைவிருக்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும் சித்தப்பா அந்தக் கதையை ஆரம்பிக்கும்போது நீயும் சேர்ந்து சிரித்தாயே, அதுதான் மறக்கவில்லை. போனில் திரைச்சீலைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் உன்னோடு சண்டை போட்டேனே, அது எதுவும் திரைச்சீலைக்காக இல்லை.

ஒரு வாரம் கோபமாக இருந்தேன். எழுதியதற்கா, இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கா என்று எனக்கே பிடிபடவில்லை. உன் மாப்பிள்ளைதான், "ரெண்டு பேரும் பேசிக்கலைன்னா நான் ரூட்டை மாத்திக் கேட்டுருவேன்" என்று மிரட்டினார். நேற்று மாலை வாலுவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டாள். "அப்ப நீ காணாமப் போகல. பெரியம்மாதான் உன்ன மறந்துட்டு கொடி புடிச்சாங்க" என்றாள். ஆமாம் என்றேன். "பெரியம்மா பாவம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பாவம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், அந்த வாலு கட்சி மாறிவிட்டது.

அடுத்த கல்யாணத்தில் சித்தப்பா வாயைத் திறந்ததும் நீ எழுந்து நின்று இந்தக் கதையைச் சரியாகச் சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் என் நிபந்தனை. இதற்குச் சம்மதித்தால் எனக்கு உன்மேல் இருந்த கோபம் தீர்ந்தது.

சனிக்கிழமை கடையில் வேலையை மாற்றிக்கொண்டேன். அவருடைய இரண்டு மணி பேருந்தில் வாலுவோடு வருகிறேன். படிவத்தை எடுத்து வை. கழுத்துத் துணியை யாருக்காவது கொடுத்திருந்தாயானால் உன்னைச் சும்மா விட மாட்டேன். தலையைத் தொட்டு எண்ணப் பெரியவர்கள் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, எனக்கு எண்ணும் வேலை நன்றாக வரும்.

விசில் ஊதி எண்ணும்போது எட்டு என்று வாலு சொல்லுவாள். அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே, கொஞ்சம் பொறு. வரிசையின் கடைசியில் நான் நிற்பேன். ஒன்பதை இந்த முறை நானே சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து என் தலையைத் தொடு.

உன்,
பொடிசு