வெங்காயப் பூச்செண்டு

சுன்னாகம் ஸ்ரேசனில் பார்சல் கந்தோர் சன்னலுக்குள் இருந்தபடியே ஊர் முழுவதையும் சுகம் விசாரித்த என் அப்பாவுக்கு,

உங்கள் சின்னவளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. தை பிறந்து இரண்டாம் கிழமை, காலை ஒன்பதரைக்கு, எங்கள் தேவாலயத்திலேயே. சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முதல் ஒரு களவை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கல்லறையில் கிடந்த மலர்வளையத்தின் கம்பியை எடுத்தது நான்தான். ஆடு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சவக்காலைக் காவல்காரரிடம் பொய் சொன்னதும் நான்தான்.

அக்காவின் கலியாணம் ஞாபகம் இருக்கிறதா? கொழும்பிலிருந்து மெயில் ரெயிலில் பூ எடுப்பித்தீர்கள். ஈரப் பேப்பரில் சுற்றி, காட்போட் பெட்டியில் அடைத்து, ரெயில் கார்ட்டின் காலடியில் வைத்து வந்த பூ. சுன்னாகத்தில் ரெயில் நிற்க முதலே நீங்கள் பிளாட்போமில் கூட ஓடினீர்களாம். அக்காவின் வலது கை உங்கள் கைக்குள், இடது கையில் அந்தச் சின்னச் செண்டு. "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?" என்று போதகர் கேட்டபோது, ரெயில் வருகிறது என்று அறிவிக்கிற அதே குரலில் "நான்!" என்றீர்கள். கடைசி வாங்குப் பலகையில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கே எனக்கும் வாக்குத் தந்தீர்கள். "உனக்கு இரண்டு பெட்டி எடுப்பிப்பன்." பிறகு சண்டை மூண்டு ரெயில் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பங்கருக்குக் கிளப்பிக்கொண்டு போனார்கள். ரெயில் இல்லாத ஸ்ரேசனுக்கு ஆறு மாதம் சைக்கிளில் போய்வந்தீர்கள். அதற்குப் பிறகு சீனி வருத்தம், மருந்துத் தட்டுப்பாடு, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. நீங்கள் போய் ஒன்றரை வருசமாகிறது.

மாப்பிள்ளையின் பெயர் ஜெபநேசன். கணக்கு வாத்தியார். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, தாயோடு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தவர். அதிகம் கதைக்க மாட்டார். எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போக வந்தவர், ஒருநாள் கேட்காமலே கப்பிக்கு எண்ணெய் விட்டார். முப்பத்தாறு வயதில் எனக்கு அது போதுமாயிருந்தது. உங்களுக்குப் போதுமாயிருந்திருக்குமா? அதைக் கேட்க ஆளில்லாமல்தான் ஓம் என்றேன்.

போதகர் புதியவர், இளம் ஆள். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் கூப்பிட்டு, தகப்பன் இடத்தில் யார் நிற்பது என்று கேட்டார். சபை மூப்பர் நிற்கலாம் என்று அவரே யோசனையும் சொன்னார். எந்த மூப்பர்? உங்களோடு பேப்பருக்குச் சண்டை பிடித்து, முன்பக்கத்தைத் தான் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் தருகிறவர். அவருடைய கையில் தொங்கிக்கொண்டு நான் வருவதா? மாட்டேன் என்றேன். அப்படியானால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம், சட்டப்படி பிழையில்லை என்றார்.

"கேள்வியைக் கேளுங்கோ போதகர். பதில் வராட்டிப் பரவாயில்லை" என்றேன்.

வாய்ப்பேச்சுக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. வாசலிலிருந்து பீடம் மட்டும் தனியே நடக்க வேண்டும். வலது கையை எங்கே வைப்பது? தொங்கவிட்டால் அது உங்களைத் தேடுகிற கை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு கையாலும் பிடிக்கிற அளவுக்குப் பெரிய செண்டு ஒன்று இருந்தால் தப்பிவிடலாம் என்று நினைத்தேன். என் கலியாணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அக்கா கனடாவிலிருந்து துணிப் பூச்செண்டு ஒன்று அனுப்பினாள். அது கொழும்பில் ஒரு மாமியின் அலுமாரிக்குள் இருக்கிறது, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் தாண்டிக் கொண்டுவர ஆளில்லை. மல்லிகை மார்கழிப் பனியில் பூக்காது. பக்கத்து வீட்டுப் பூரணமக்கா நந்தியாவட்டை தந்தார். கட்டிப் பார்த்தேன், ஒரு மணித்தியாலத்தில் தலை தொங்கிவிட்டது. பூக் கட்டுகிறவர்களிடம் போக வசதியில்லை. அவர்களுக்கும் இப்போது செத்தவீட்டு வளையம் கட்டத்தான் நேரம் சரியாயிருக்கிறது.

வழி காட்டியது என் பஞ்சிதான், அப்பா. பூரணமக்காவின் தோட்டத்து வெங்காயம் அந்த முறை பனிக்குப் பூத்துவிட்டது. பூத்த வெங்காயம் சந்தையில் விலைபோகாது. மனிசி திட்டிக்கொண்டே பூத்தண்டுகளை ஒடித்து, வறை வறுக்கச் சொல்லி எனக்கு ஒரு கட்டுத் தந்தார். நான் வறுக்கச் சோம்பல்பட்டு, வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துபோனேன். நாலாம் நாள் பார்த்தால், உருண்டை உருண்டையாக வெள்ளைப் பூ, வாடவே இல்லை. அக்காவின் பெட்டியில் வந்த பூவை விட இது வடிவு என்றுகூட நினைத்தேன். அவளுக்கு எழுதவில்லை, கோபிப்பாள்.

மணம் வெட்டிய முனையில்தான் இருக்கிறது. உருக்கிய மெழுகில் முனையைத் தோய்த்தால் பாதி அடங்கிவிடும். இடையிடையே செருக கரட் இலை, கட்டுவதற்கு கலியாண முக்காட்டு வலைத்துணியில் மிஞ்சிய கரை. எல்லாம் கையில் இருந்தது. ஆனால் வெங்காயத் தண்டு உள்ளே வெறும் குழாய். பூவின் பாரத்துக்கு மடியும். கம்பி ஏற்றினால்தான் நிமிர்ந்து நிற்கும்.

கம்பிக்கு எங்கே போவது? கடையில் இல்லை, வெளியிலிருந்து வரவும் ஆமி விடுகிறது இல்லை. உங்கள் பிஸ்கட் ரின்னைத் தேடினேன். பார்சல்களில் ஈய முத்திரையோடு வருகிற மெல்லிய கம்பியை ஒன்றும் எறியாமல் நேராக்கிச் சுற்றிச் சுற்றி வைப்பீர்களே, "கலியாணவீடு ஒண்டுக்கு உதவும்" என்று. ரின் வெறுமையாயிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. உங்கள் செத்தவீட்டிலும் கம்பி கிடைக்கவில்லை. சபைப் பெண்கள் கேட்டபோது அந்த ரின்னைத் தூக்கிக் கொடுத்தவள் நான். முழுவதையும் முறுக்கித்தான் உங்களுக்கு வளையம் செய்தார்கள்.

ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு சவக்காலைக்கு வந்தேன். வளையத்தில் ஒரு பூவும் இல்லை. கறள் பிடித்த கம்பியும், ஊதா றிபன் கிழிசலும் மட்டும். அம்மாவின் கல்லறைக் கல்லில் சைக்கிளைச் சாத்திவிட்டு உங்கள் பக்கத்தில் குந்தியிருந்தேன். கேட்டேன், ஞாபகமா? "எடுக்கட்டோ அப்பா?" என்று. ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் நீங்கள் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்றுதான் அர்த்தம். அந்தத் துணிவில் எடுத்தேன்.

வீட்டில் முறுக்கைப் பிரித்து, மண்ணும் பழப்புளியும் போட்டுத் தேய்த்து, உங்கள் குறட்டால் துண்டு துண்டாக வெட்டினேன். சவக்காலைப் பொருள் ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது, அதுவும் கலியாணவீட்டுக்குள் வரவே கூடாது என்று எனக்குத் தெரியும். சைவக்காரர்தான் துடக்கு, தீட்டுப் பார்ப்பார்கள் என்றில்லை, நாங்களும் உள்ளுக்குள் பார்க்கிறவர்கள்தான். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பூரணமக்கா உதவிக்கு வந்தார். கோயிலுக்குப் பூமாலை கட்டிப் பழகிய கை, விறுவிறென்று வேலை நடந்தது. பாதிச் செண்டு முடிந்திருக்கும். அவர் எடுத்த ஒரு கம்பியில் ஊதா றிபன் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கவனிக்காமல் விட்ட துண்டு. அதை விரலால் உருட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"உது எங்கையிருந்து எடுத்தனி?"

"சவக்காலையிலை அக்கா. அப்பான்ரை வளையம்."

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். அடுத்தநாள் விடியக் கோயிலுக்குப் பூக் கொய்கிற மனிசி. அவர் எழும்பிப் போனால் நான் குறை சொல்ல முடியாது. போனால் செண்டும் முடியாது, என் கையும் சும்மாதான் தொங்கும். நான் கரட் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவருடைய கை நீண்டது.

"பிள்ளையின்ரை கலியாணத்துக்குக் கொப்பர் வரத்தானே வேணும். கம்பியைத் தா."

கடைசிப் பூ வரைக்கும் இருந்து கட்டினார். முடிந்ததும் எங்கள் கிணற்றடிக்குப் போய், அந்தத் தைக் குளிரில் நாலு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வேலியால் வீட்டுக்குப் போனார். செத்தவீட்டுத் துடக்குக்கு முழுகுகிற முழுக்கு அது. அன்றைக்குத்தான் உங்களுக்காகக் கடைசியாக அழுதேன் என்று சொல்ல ஆசை. அது பொய்.

கலியாணத்துக்கு முப்பது பேர் இருக்கும். கூட்டமாக இருக்க இப்போது எல்லோருக்கும் பயம், பொம்பர் வருமென்று காது வானத்திலேயே இருக்கும். நான் வாசலில் நின்றேன். பாட்டுத் தொடங்கியது. இரண்டு கையாலும் செண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தேவாலயம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முதல் தெரியாது. பீடத்தடிக்குப் போனதும் ஜெபநேசன் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். பிறகு கண்ணைத் துடைத்தார். அது வெங்காயமா வேறேதுமா என்று இன்றைக்கும் கேட்கவில்லை.

"இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?"

போதகர் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. யாரோ இருமினார்கள். மூப்பர் எழும்பப் பார்த்து, பிறகு இருந்துவிட்டார். நான் செண்டை நெஞ்சுவரை உயர்த்திப் பிடித்தேன். எனக்கு அப்படித்தான் செய்யத் தோன்றியது. போதகர் செண்டைப் பார்த்தார், தலையை அசைத்தார். என் கையைக் கொடுக்க வேண்டுமென்றால் செண்டைக் கீழே வைக்க வேண்டும், வாங்கிப் பிடிக்கத் தோழி இல்லை. திரும்பி, முதல் வாங்கில் ஞாயிறுதோறும் நீங்கள் இருக்கிற ஓரத்தில் அதை வைத்தேன். ஆராதனை முடியும்வரை அந்த இடத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

வெளியே பலகாரத் தட்டோடு நின்றபோது பூரணமக்கா என்னை ஒருபக்கம் இழுத்தார். கடைசி வாங்கில் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தவர்.

"உங்கடை போதகர் என்னவோ கேட்டார், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. என்ன கேட்டவர்?"

சொன்னேன். பெண்ணைக் கொடுக்கிறது யார் என்று கேட்டவர், அதற்கு அப்பாதான் பதில் சொல்ல வேணும் என்று. அவருடைய முகம் மாறிப்போனது.

"அட, எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் சொல்லியிருப்பனே பிள்ளை."

அப்பா, தேவாலயத்தில் அழாதவள் பலகாரத் தட்டோடு நின்று அழுதேன். என்னைக் கொடுக்க ஒருவர் இருந்திருக்கிறார். எங்கள் முறை அவருக்குத் தெரியவில்லை, அவரைக் கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. எத்தனை தடவை வேலியால் அரிசி கைமாறியிருக்கிறது, இதை மட்டும் ஏன் கேட்காமல் விட்டேன்?

கலியாணச் சேலையோடேயே சவக்காலைக்கு வந்து செண்டை உங்களிடம் வைத்தோம். ஜெபநேசன் கொஞ்சம் தள்ளியே நின்றார். மறுநாள் போய்ப் பார்த்தால் பூவும் இல்லை, கரட் இலையும் இல்லை. உண்மையாகவே ஆடு வந்து தின்றுவிட்டுப் போயிருந்தது. என் பொய்க்குச் சாட்சி சொல்ல வந்த ஆடு! கம்பித் துண்டுகள் மட்டும் கல்லில் கிடந்தன. பொறுக்கி எடுத்து ரின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

கலியாணம் முடித்தால் தனிமை போய்விடும் என்று சனம் சொன்னது. போகவில்லை. அவர் நல்லவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் உங்களை அறியாதவர். நேற்றுச் சாப்பிடும்போது, "அப்பா இருந்தால் இதுக்கு ஒரு கதை சொல்லுவார்" என்றேன். "என்ன கதை?" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினால், நீங்கள் யார், எப்படிச் சிரிப்பீர்கள், ஸ்ரேசனில் எந்தச் சன்னல் உங்களுடையது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் களைத்துப்போய் விட்டுவிட்டேன். உங்களைத் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் என்னைத் தவிர இனி ஒருவருமில்லை. அது எவ்வளவு பெரிய பாரம் என்று அக்காவுக்குத் தெரியுமா?

ஒரு வாக்குத் தருகிறேன். எப்போதோ ஒருநாள் பாதை திறந்து, தண்டவாளம் போட்டு, மெயில் மறுபடி சுன்னாகத்தில் நிற்கும். அன்றைக்கு இரண்டு பெட்டி பூ எடுப்பிப்பேன். ரெயில் நிற்க முதலே நானும் பிளாட்போமில் கூட ஓடுவேன். இதே கம்பியில் கட்டி உங்களிடம் கொண்டுவருவேன், பூரணமக்காவையும் கூட்டிக்கொண்டு. அதுவரைக்கும் தைக்குத் தை வெங்காயப் பூத்தான். மணத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒருவரும் எடுத்துக் கொடுக்காதபடியால் இன்னமும் உங்களுடையவளாகவே இருக்கிற,
உங்கள் சின்ன மகள்.