பெருகிய கிணறுகள்

திரு நிலைக்க. புன்னைவாயில் நாட்டின் கடல்துறைகள் காக்கும் பேரரசி பூங்கோதை மாதேவியார் திருமுன், இலந்தை நாட்டு வேந்தர் திருக்கண்டர் ஆணையால் அமைச்சன் அரிசிலன் வணங்கி விடுக்கும் ஓலை. தேவியார்க்கும் படைக்கும் குடிக்கும் நலம் உண்டாகுக.

எம் நாட்டு நீர் இறைக்கும் பொறியைத் தங்கள் நாட்டிலும் நிறுவக் கருதி, அது எத்தகையது, அதனால் விளைவது யாது என்று தேவியார் கேட்டருளினார். பொறி நல்ல பொறிதான். நான்கு எருதுகள் சுற்றினால் பாதாளத்து நீரும் மேலே வரும். அதில் ஒரு குறையும் கண்டோமில்லை.

முதலில் அதனைக் கருவேலங்குறிச்சியில் நாட்டி, விளைவைப் பார்த்துவர ஆய்வு நாயகம் வேட்டன் அனுப்பப்பட்டான். வேட்டன் கண்ணுள்ளவன். பொறி நின்ற தோட்டம் பச்சைப் பசேலென்று இருக்க, சுற்றிலும் குடிகளின் கிணறுகள் ஒவ்வொன்றாய் வறண்டதைக் கண்டான். தன் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டுக் கிணற்றிலும் நீர் மொள்ளும் தோண்டி தரைதட்டக் கேட்டு, தலைநகருக்கு ஓடிவந்தான். வந்த நாள் இளவரசியின் திருமண நாள்.

எம் வழக்கம் தேவியார் அறியாததன்று. மங்கல நாளில் அற்றது, வற்றியது என்று வாய் திறக்கலாகாது. பானையில் அரிசி தீர்ந்தால் நிறைந்தது என்போம். தாலி அறுந்தால் பெருகிற்று என்போம். மணப்பந்தலில் வேந்தர், பொறி எப்படி என்று வினவினார். வேட்டன், கருவேலங்குறிச்சிக் கிணறுகள் எல்லாம் பெருகின என்று விண்ணப்பித்தான். அவன் அழுததைப் பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். பந்தலில் இருந்தவர் வீடுகளிலும் தாலி பெருகியதுண்டு, ஒருவருக்குமா விளங்கவில்லை? விளங்கிக்கொள்ள மனமில்லை, அவ்வளவே. பொறி செய்தவருக்குப் பொன்னாடை போர்த்தியாயிற்று. ஊர்தோறும் பொறி நாட்டுக என்று மணமுரசோடு சேர்த்தே அறைந்தும் ஆயிற்று.

மறுநாள் வேட்டன், வற்றின, வற்றின என்று அவையில் கதறினான். மணநாளில் அறைந்த முரசை மாற்றி அறைவது இளவரசியின் வாழ்வுக்கு ஆகாது என்று அவையோர் அவன் வாயை அடைத்தனர்.

இன்று எம் நாட்டில் பொறிகள் இருக்கின்றன. சுற்ற எருதுகள் இல்லை. குடிகள் குழந்தைகளைத் தோளிலிட்டுப் புன்னைவாயில் எல்லை நோக்கி நடக்கின்றனர். வேட்டனின் தங்கை வழியிலேயே நா வறண்டு இறந்தாள். மழை பெய்தாலும் அந்த ஆழம் எம் காலத்தில் நிரம்பாது. இதற்கு எம்மிடம் மருந்தில்லை, தேவியீர்.

இவ்வோலை கொண்டு வருபவன் வேட்டனே. பொறியின் தன்மையை அவனிடம் கேட்டருள்க. பொறி வைத்தவனை மட்டும் கேளாது, அவன் அக்கம்பக்கத்தாரையும் கேட்டபின் முடிவு செய்தருள்க. மங்கல நாளில் மட்டும் கேளாதொழிக. வந்து சேரும் குடிகளுக்கு எல்லைக் கதவைத் திறந்துவிடுமாறு எம் வேந்தர் இரந்து வேண்டுகிறார்.

வேட்டனுக்கு வேந்தர் ஆணை: புன்னைவாயில் அவையில் எந்நாளாயினும் வற்றியதை வற்றியது என்றே சொல்லுக.

முத்திரை மண்ணைக் குழைக்க, அரண்மனைக் குடிநீரில் ஒரு கை எடுத்தோம். வளம் பெருகுக என்று முடிப்பது எம் ஓலை மரபு. அந்தச் சொல்லை எழுத இனி எமக்குக் கை வராது. தங்கள் கிணறுகளில் தண்ணீர் இருக்கட்டும்.