துரைசானியின் காலிக் கட்டில்

9-10-1968
பங்களாவைப் பார்க்க இன்று இரண்டு பேர். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். அவருக்கும் எல்லா அறையும் காட்டினேன். பஞ்சு மில் வைத்திருந்த ஹார்டன் துரை குடியிருந்த வீடு, அவர் விட்டுப் போனபடியே வைத்திருக்கிறோம் என்று விளக்கினேன். மழை விட்ட பிறகும் விளக்கினேன்.

மியூசியம் கமிட்டிச் செயலாளர் கந்தவேல் வந்தார். "பனியன் கம்பெனிக்காரங்க குடோனுக்குக் கேக்கறாங்க, வாத்தியாரே. ஆளே வராத மியூசியம் எதுக்குங்க? தை மாசம் முடிவு பண்ணிரலாம்."

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கென்று இருப்பது இந்த வீடுதான்.

17-10-1968
கூட்டுகிற செல்லாத்தாள் மாடிக்குக் கூப்பிட்டாள். குழந்தைக் கட்டிலின் கம்பியில் யாரோ பனியன் வெட்டுத்துணியில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கூழாங்கல். பிள்ளை வேண்டிக் கோயில் மரத்தில் கட்டுவார்களே, அது.

அவிழ்த்தேன். நல்ல துணி. விளக்குக் கண்ணாடி துடைக்க ஆகும்.

5-11-1968
காலையில் கட்டுகிறார்கள், மாலையில் அவிழ்க்கிறேன்.

இன்று மருதாள் என்ற பெண்ணைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறாளாம். வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன்: "பூகோள உருண்டையில நீலமா இருக்கறது தண்ணியில்லம்மா, பெயின்ட்டு. அது மாதிரி இது கட்டில், சாமியில்ல."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கினாள்.

"அந்தத் துரைக்குப் பிள்ளையே இல்ல கண்ணு. ஆசையா வரவழைச்ச கட்டில், கடைசி வரைக்கும் காலியாவே கிடந்தது."

"அப்படின்னா இந்தக் கஷ்டம் துரைசானியம்மாவுக்குத் தெரியுமுங்க" என்றாள்.

அவள் படியிறங்கிய பிறகுதான் அவிழ்த்தேன். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன்.

22-12-1968
கந்தவேல் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, இது மியூசியமுங்களா, கோயிலுங்களா? உண்டியல் வெச்சாச்சா?"

இதைச் சொல்லியே பூட்டிவிடுவார். என்னத்தச் செய்யறது இப்ப? இனி ஒரு துணி தங்கக் கூடாது.

9-1-1969
கந்தவேல் தனியாக வந்தார். நேரே மாடி.

"துணியெல்லாம் எங்கீங்க?"

"சுத்தம் பண்ணிட்டேனுங்க. இனி இது மியூசியம் மட்டுந்தான்."

கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "செவ்வாக்கிழமை கட்டுன மஞ்சத்துணி... எங்க மருமகளுதுங்க."

என் கையில் விளக்குக் கண்ணாடி. கண்ணாடிக்குள் துணி. மஞ்சள். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"கரிதானுங்க. தொவச்சாப் போயிரும்" என்றேன். வேறென்ன சொல்வது?

செல்லாத்தாள் துவைத்துப் போட்டாள். காயும்வரை நாங்கள் துரையின் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம் – 'உட்காரக் கூடாது' என்று நான் எழுதி வைத்த அட்டைக்குப் பக்கத்தில். தொட்டிலில் இருந்த கல்லைத் தோட்டத்தில் வீசியிருந்தாள், எதுவென்று தெரியவில்லை. வழவழப்பாக ஒன்று பார்த்துப் பொறுக்கினேன்.

கட்டப் போனேன். "நீங்க வேண்டாமுங்க" என்று வாங்கி அவரே கட்டினார். பனியன் துணி இழுத்தால் நீளும். முடிச்சு நிற்க நேரமாயிற்று.

20-1-1969
கமிட்டி கூடியது. குடோனுக்குப் பெருமாநல்லூர் ரோட்டில் வேறு இடம் பார்க்கலாம் என்றார் கந்தவேல். காரணம் யாரும் கேட்கவில்லை.

3-8-1969
கந்தவேலின் மருமகள் வந்தாள். இன்னும் ஒன்றுமில்லை. "துரைசானியம்மா பேரென்னங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கட்டிலருகே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

கட்டில் கம்பியில் இடமில்லை, விளக்குத் துடைக்கத் துணியில்லை என்றாள் செல்லாத்தாள். என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.