பென் டிரைவை மறந்துவிட்டேன்

அன்புள்ள நைனாவுக்கு, அம்சா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? புனேயில் நான் நலம்.

பதறாமல் படியுங்கள். போனில் சொன்னால் என் குரல் நடுங்கிவிடும். போன வாரம் பிரவுசிங் சென்டரிலேயே என் பென் டிரைவை மறந்துவிட்டு வந்தேன். திரும்ப ஓடியபோது கடைக்காரன் அதை நீட்டி, உன் தங்கை அழகாக இருக்கிறாள் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். நம் படங்களையெல்லாம் பார்த்திருக்கிறான்.

"அழுதுகினு இருந்தா ஆச்சா? மொதல்ல பாஸ்வேர்ட் போடுடி" என்றாள் என் அறைத்தோழி, பள்ளிப்பட்டு கோமளா. போட்டுவிட்டேன். ஆனால் அவன் ஏற்கெனவே நகல் எடுத்திருந்தால்?

தங்கை ஷோபனாவைக் கொஞ்ச நாள் நீங்களே பஸ் ஏற்றிவிடுங்கள். உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. என் நண்பன் என்று யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள். நம் வீட்டு விலாசமும் அந்தப் பென் டிரைவில் இருந்தது.

அம்சா